சுடுகல்லில் துள்ளாத கால்

வெறுங்காலில் நடப்பது நல்லதா என்று உங்களிடம் கேட்கப்போகிறார்கள். இன்று கேட்காவிட்டால் நாளை கேட்பார்கள். முழங்கால் வலி என்று வந்தவர் கேட்பார், முதுகு வலி என்று வந்தவர் கேட்பார், மாமியாருக்குத் துணையாக வந்த மருமகள் கேட்பாள். எல்லோரும் போனில் ஒரு வீடியோ பார்த்திருப்பார்கள். புல்லில் நடந்தால் தூக்கம் வரும், மண்ணில் நடந்தால் ரத்தம் சுத்தமாகும், கூழாங்கல்லில் நடந்தால் மூக்குக் கண்ணாடியே வேண்டாம் என்று அதில் யாரோ அடித்துச் சொல்லியிருப்பார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல உங்களுக்கு ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆமாம் என்று சொன்னேன், அதுவும் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு.

தம்பானூர் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். வளர்ந்தது கரமனையில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கேஸ் ஷீட்டில் இங்கிலீஷ். மூன்று மொழியிலும் என்னை வாயாடி என்றுதான் சொல்வார்கள். நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்த மெஷினை எத்தனை நிமிடம் வைப்பது, எந்த மூட்டை எவ்வளவு மடக்குவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, அதற்கு நான் வேண்டாம். நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். பதினெட்டு வருட அனுபவத்தோடு, டிபார்ட்மென்ட் முழுவதும் என் பொறுப்பில் இருந்தபோது செய்தேன்.

அந்த நாட்களில் எனக்கு வெறுங்கால் பைத்தியம் பிடித்திருந்தது. காரணம் இல்லாத பைத்தியம் இல்லை. இறுக்கமான ஷூவுக்குள் நாள் முழுக்கக் கிடக்கிற காலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உள்ளங்காலின் சின்னச் சின்னத் தசைகள் வேலையே இல்லாமல் சோம்பிக் கிடக்கும். அவரை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் சுவரைத் தேடுவார். அதே ஆளை இரண்டு மாதம் காலையில் மணலில் நடக்கவிடுங்கள். விரல் விரியும், கணுக்கால் உறுதியாகும், ஆட்டம் குறையும். தரை எப்படி இருக்கிறது என்று கால் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் மனிதன் விழாமல் நடக்கிறான். இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் நம்புகிறேன், அதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி வாங்கமாட்டேன்.

கிழக்கேகோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, அக்கிரகாரத் தெரு ஒன்றின் கடைசியில் ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. ஊர் உலகம் அறிந்த பெரிய கோவில் இல்லை, தெருக்காரர்கள் மட்டும் வருகிற கோவில். அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை அழைத்தது. கோவில் வெளிப்பிராகாரத்தின் மணலில் வெறுங்கால் நடைப் பயிற்சி. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடிப்பதாகத் திட்டம். ஆனால் சிறப்பு விருந்தினர் என்று ஒருவரை அழைத்துத் தொலைத்திருந்தார்கள், அவர் பதினொன்றரைக்குத்தான் வந்து சேர்ந்தார். வந்தவர் அரை மணி நேரம் பேசினார். மார்ச் மாத வெயில். எல்லோரும் பந்தலுக்குக் கீழே இருந்ததால் யாருக்கும் சூடு தெரியவில்லை.

பேச்சு முடிந்து வெளியே போகிற நேரத்தில்தான் தெரிந்தது. பந்தலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருபது அடி தூரத்துக்குக் கருங்கல் பாவியிருந்தது. செருப்பெல்லாம் மதிலுக்கு வெளியே. முதலில் கால் வைத்தவர் ஆ என்று ஒரு குதி குதித்தார். பின்னால் வந்தவர்கள் சேலையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி ஓடினார்கள். சிறப்பு விருந்தினர் ஓடிய அழகைப் பார்த்ததில் அவருக்காகக் காத்திருந்த கோபம் எனக்குப் போய்விட்டது.

அப்போது மடப்பள்ளியிலிருந்து ஒருவர் சம்பாரம் நிறைந்த பெரிய பாத்திரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். இஞ்சி, பச்சைமிளகாய் தட்டிப்போட்ட நீர்மோரைத்தான் இங்கே சம்பாரம் என்பார்கள். அவர் பெயர் நீலகண்டன், கோவிலில் சமையல், தெருவில் எல்லோருக்கும் நீலு சாமி. வயது ஐம்பத்தாறு. காலையில் பயிற்சியின்போதே அவர் கால்களைப் பார்த்து நான் மயங்கியிருந்தேன். அகலமான பாதம், விசிறி விரித்த மாதிரி விரல்கள், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பக்கத்து ஆளிடம் அரட்டை அடித்தார்.

"எனக்கு வியாதின்னு ஒண்ணும் கெடையாது கேட்டேளா, டாக்டரம்மா. பிறந்ததுலேர்ந்து செருப்பு தொட்டதில்லை. அதாக்கும் ரகசியம்" என்று அப்போதே சொல்லியிருந்தார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லி அலுத்துப்போன காலம் அது, அதனால் திருத்தவில்லை.

அந்த நீலு சாமி, ஊரே துள்ளி ஓடிய கல்லில், பாத்திரம் தளும்பாமல் மெதுவாக நடந்து வந்தார். நடுவில் நின்று ஒருவரிடம் குசலம்கூட விசாரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் இங்கே பாருங்கள். இதுதான் பயிற்சி பெற்ற கால். வாழ்நாள் முழுக்க வெறுங்காலில் நடந்தால் கால் இப்படி ஆகும். நம் கால் எப்படித் துள்ளியது, இவர் கால் எப்படி நடக்கிறது, பார்த்தீர்களா?"

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். சரியாக வரவில்லை என்றார். "சாமி, இன்னொரு தடவை நடந்து காட்டுங்கோ" என்று கேட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். அவர் இன்னொரு தடவை நடந்தார். மூன்றாவது தடவை, நான் கேட்காமலே, கல்லின் நடுவில் நின்று கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார்.

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு முகம் சூடாகிறது.

என்னோடு முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்திருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸிங் அறையில் கட்டுப்போடுகிறவர். களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பதவியில் எவ்வளவோ கீழே. அதிகம் பேசமாட்டார். அவர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மேடம், அந்தச் சாமிக்க காலை ஒருக்கா பாக்கணும்."

"என்ன இப்போ? நல்லாத்தானே இருக்கார்?"

"எல்லாரும் துள்ளியாச்சு. அவரு மட்டும் துள்ளேல்ல. துள்ளாத காலப் பாத்தா எனக்குப் பயமாக்கும்."

நான் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, அப்புறம் பார்க்கலாம் என்றேன். சொன்ன தொனியும் நல்ல தொனி இல்லை. ஊர் முன்னால் என் பேச்சைக் கெடுக்க வந்துவிட்டார் என்று எரிச்சல். வேறு யாராவது என்றால் அதோடு போயிருப்பார்கள். அவர் போகவில்லை. என்னிடம் மறு பேச்சுப் பேசாமல் நேராக நீலு சாமியிடம் போனார். "சாமி, இஞ்ச வந்து உக்காருங்க. ஒரு விளையாட்டு" என்று அவரை மண்டபத்தின் படியில் உட்காரவைத்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். சாமி சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார், சுற்றிலும் சின்னக் கூட்டம் கூடியது. களியக்காவிளைக்காரர் அவருடைய இடது கால் கட்டைவிரலைப் பிடித்தார். பிடித்து, தன் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார்.

"இப்ப எந்த வெரலைத் தொடுதேன், சொல்லுங்க பாப்போம்."

நீலு சாமி கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார். பிறகு, "நீர் இன்னும் தொடவே இல்லையே" என்றார்.

களியக்காவிளைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நான் சொன்னேனே என்ற குத்தல் இல்லை, அடுத்து என்ன செய்யலாம் என்ற கேள்விதான் இருந்தது. நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்தக் காலைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே தோல் வெளுத்து, கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. குதிகால் வெடிப்பில் கறுப்பாக ஏதோ செருகியிருந்தது. தேங்காய்ச் சிரட்டைச் சில்லு, நகத்தின் நீளம். குத்தி எத்தனை நாள் ஆயிற்றோ தெரியவில்லை. அதன்மேல்தான் அவர் நடந்துகொண்டும் நின்றுகொண்டும் ஒற்றைக் காலில் அரட்டை அடித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

அந்தக் கால் பயிற்சி பெற்ற கால் இல்லை. மரத்துப்போன கால். சூடு அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பதினெட்டு வருடம் படித்ததும் பார்த்ததும் எனக்குள் இருந்தது, அதைச் சுலபமாகக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் நான் பார்க்க விரும்பியதை அந்தக் கால் எனக்குக் காட்டியது, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த நிமிடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. அவரை ஓசைப்படாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடலாம், என் மானம் கப்பல் ஏறாது. ஆனால் கால் இப்படி மரத்துப்போவது பெரும்பாலும் சர்க்கரையால்தான், கைதட்டிய கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது இருந்ததோ எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டுக்குப் போய் மொட்டை மாடியில் நின்று காலைப் பழக்க ஆரம்பித்தால்? களியக்காவிளைக்காரர் கொப்புளத்தை உடைக்காமல் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் திரும்பப் போய் மைக்கை எடுத்தேன்.

"கொஞ்ச நேரம் முன்னால் நான் சொன்னது தப்பு. சூடு தெரியாத கால் நல்ல கால் இல்லை. சுட்டால் துள்ளுகிற கால்தான் நல்ல கால். நீங்கள் எல்லோரும் துள்ளினீர்கள், அதற்காகச் சந்தோஷப்படுங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் யாரும் டாக்டரிடம் காலைக் காட்டாமல் செருப்பைக் கழற்றி நடக்கவேண்டாம்."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. சங்கத்துச் செயலாளர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பரவாயில்லை. தப்பை எங்கே சொன்னோமோ அங்கேயே, அதே சத்தத்தில் திருப்பிச் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்ததில் நீலு சாமிக்குச் சர்க்கரை இருந்தது. பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சாமி நம்பவில்லை. "பாயசம் வெக்கறதோட சரி, வாயில விடமாட்டேன். வாசனையிலேயே வயறு நிறைஞ்சுடும்" என்றார். அவருடைய மனைவி பார்வதி மாமி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். "ரெண்டு நாளா தரையில செவப்பா இருந்தது. குங்குமம் கொட்டினதுன்னு நெனச்சுத் தொடச்சுண்டே இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. ஆறிய அன்று டாக்டர் தெளிவாகச் சொன்னார்: இனி வெறுங்கால் என்பதே கூடாது, வீட்டிலும் கூடாது, இன்னொரு புண் வந்தால் காலைக் காப்பாற்றுவேன் என்று உறுதி தரமாட்டேன். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நீலு சாமி வேலை செய்வது கோவிலில்.

"செருப்புப் போட்டுண்டு மடப்பள்ளிக்குள்ள எப்படிப் போறது?" என்று அவர் என்னிடம் கேட்டார். அதைச் சண்டையாகக் கேட்கவில்லை. வழி தெரியாதவர் வழி கேட்பது மாதிரி கேட்டார். "முப்பத்தஞ்சு வருஷமா அந்த அடுப்புக்கு முன்னாலதான் நிக்கறேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, டாக்டரம்மா."

கால் வேண்டுமென்றால் வேலை இல்லை, வேலை வேண்டுமென்றால் கால் இல்லை. அவர் நிலைமை இதுதான்.

இங்கே என் இரண்டாவது தவறு. முதல் தவறுக்குப் பிராயச்சித்தம் செய்கிற வேகத்தில் நான் எதிர்ப் பக்கம் சாய்ந்துவிட்டேன். கெட்டியான அடி வைத்த செருப்பைச் செய்துகொடுத்து, தூங்குகிற நேரம் தவிரக் கழற்றாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செருப்பு சரியானதுதான். ஆனால் ஐம்பத்தாறு வயது வரை செருப்பே போடாத மனிதருக்கு அதில் நடக்கப் பழக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலில் மிச்சம் இருந்த கொஞ்ச உணர்வையும், விரலால் தரையைப் பற்றுகிற பழக்கத்தையும் ஒரே நாளில் மூடிவிட்டேன். பத்தாம் நாள் வாசற்படி தடுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி வந்து நின்றார். அதன்பிறகுதான் ஒரு வாரம் இரண்டு பக்கமும் பயிற்சிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நடக்கவைத்தேன். எதைக் கழற்றச் சொன்னாலும் எதைப் போடச் சொன்னாலும் அந்த ஆளை உங்கள் கண் முன்னால் பத்து அடி நடக்கவிட்டுப் பாருங்கள்.

பிறகு கோவிலுக்குப் போனோம், நானும் களியக்காவிளைக்காரரும். மேனேஜர் ஒரு மலையாளி, நல்ல மனிதர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றுக்கும் முதலில் இல்லை என்று சொல்லிப் பழகியவர்.

"மேடம், மதிலுக்கு உள்ளே செருப்பு பற்றில்லா, கூடாது. அது நான் வெச்ச சட்டம் அல்லல்லோ."

"செருப்பு கேட்கவில்லை சார். துணி?"

"துணியோ?"

களியக்காவிளைக்காரர் பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து மேஜையில் வைத்தார். நாலு மடிப்புப் பருத்தித் துணியில், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கால் உறை. டிரெஸ்ஸிங் அறைத் துணியில் அவர் வெட்டிக்கொடுக்க, பார்வதி மாமி தைத்தது. மடப்பள்ளிக்குள் மட்டும் போடுவது, தினமும் துவைப்பது, தோல் என்பது ஒரு நூல்கூட இல்லை. மேனேஜர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தலைமை அர்ச்சகரான தந்திரியிடம் கேட்கவேண்டும் என்றார், கேட்டார். மடப்பள்ளிக்குள் சரி, சன்னிதிக்கு முன்னால் கூடாது என்று பதில் வந்தது. எங்கள் டாக்டரிடம் போனேன். அவருக்குத் திருப்தி இல்லை. தினமும் மாலையில் மனைவி இரண்டு உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவேண்டும், வாரம் ஒருமுறை எங்களிடம் காட்டவேண்டும், ஒரு கீறல் தெரிந்தாலும் அன்றே வேலை நிறுத்தம் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது அந்த இருபது அடிக் கருங்கல். மடப்பள்ளியிலிருந்து வெளியே வர அது ஒன்றே வழி, அது சன்னிதிக்கு முன்னால். காலையில் வரும்போது கல் குளிர்ந்திருக்கும், பயம் இல்லை. உச்சிப் பூஜை முடிந்து நடை சாத்திவிட்டு வரும்போதுதான் ஆபத்து. மேனேஜர் தேங்காய் நார்ப் பாய் ஒன்றை அதில் விரிக்க ஏற்பாடு செய்தார். ஆனால் பாய் என்றால் சில நாள் துவைக்கப் போகும், சில நாள் யாராவது சுருட்டி ஓரத்தில் வைத்துவிடுவார்கள். பாய் இல்லாத நாளில் என்ன செய்வது?

களியக்காவிளைக்காரர்தான் சொன்னார். "மத்தவங்க காலப் பாத்துட்டு எறங்குங்க சாமி. அவங்க மெதுவா நடந்தா நீங்களும் நடங்க. அவங்க துள்ளினா நிக்காம நீங்களும் துள்ளி ஓடிருங்க."

நீலு சாமியின் முகம் மாறிவிட்டது. "இந்த வயசுல நான் கொரங்கு மாதிரி துள்ளணுமா? தெருவே பாத்தது, நான் நடந்ததை. பம்பாய்ல இருக்கற என் மச்சினன் வீடியோவைப் பாத்துட்டு ஃபோன் பண்ணினான். உங்க கால் மாதிரி உலகத்துல இல்லைன்னான்." என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீங்கதானே சொன்னேள், பயிற்சியான கால்னு."

நான் மைக்கில் திருப்பிச் சொன்னது அந்த வீடியோவில் இல்லை. எடுத்தவர் கைதட்டலோடு வெட்டி அனுப்பிவிட்டார். அந்தப் பெருமையை நான்தான் அவருக்குக் கொடுத்தேன், அதைத் திரும்ப வாங்குகிற வேலையும் என்னுடையதுதான். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் மேல் வந்தது.

வாதம் பண்ணவில்லை. அடுத்த சனிக்கிழமை உச்சி வேளைக்கு அவரை அழைத்துப் போய், காலில் அந்தத் துணி உறையோடு மடப்பள்ளி வாசல் நிழலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். அன்று பாயைச் சுருட்டிவிடச் சொன்னேன். "ஒன்றும் செய்யவேண்டாம் சாமி. வருகிறவர்கள் காலை மட்டும் பாருங்கள்" என்றேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு அம்மாள் வந்து கல்லில் கால் வைத்து, விரல் நுனியில் ஓடினாள். ஒருவர் பாதி வழியில் நின்று, காலை மாற்றி மாற்றி வைத்து, ஓடினார். கொஞ்சம் மேகம் மூடியது. அடுத்து வந்தவர் நடக்கத்தான் செய்தார், ஆனால் குதிகாலை ஊன்றவில்லை. சாமி முன்னால் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் போயிருக்கும்.

"எண்ணெய் காஞ்சுதான்னு கையை விட்டா பாக்கறோம்?" என்றார் திடீரென்று.

"இல்லை சாமி."

"கடுகைப் போட்டுப் பாக்கறோம். கடுகு வெடிச்சா காஞ்சாச்சு." கல்லில் துள்ளிக்கொண்டிருந்தவர்களை அவர் கைநீட்டிக் காட்டினார். "அப்போ இவாள்லாம் எனக்குக் கடுகாக்கும்."

நான் சிரித்துவிட்டேன். களியக்காவிளைக்காரரும் சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குத் தெரிந்த எல்லா விளக்கங்களும் ஒரு சமையல்காரருக்கு வேண்டியிருக்கவில்லை. அவருடைய அடுப்பிலிருந்தே அவர் எடுத்துக்கொண்டார். உங்கள் நோயாளிக்கும் அப்படி ஒரு அடுப்பு எங்கேயாவது இருக்கும். அதைத் தேட அரை மணி நேரம் பக்கத்தில் உட்காரவேண்டியிருந்தால் உட்காருங்கள்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் முதலில் வெறுங்காலைப் பற்றிப் பேசியதில்லை. காலைக் காட்டுங்கள் என்பேன். உள்ளங்காலைப் பார்ப்பேன், விரல் இடுக்கைப் பார்ப்பேன், கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. கால் பதில் சொன்னால், போய் நடங்கள், நிழலில், சுத்தமான மணலில், ஆசை தீர நடங்கள் என்று தைரியமாக அனுப்புவேன். விழிஞ்ஞத்திலிருந்து வந்த மீன்காரப் பெண்களுக்கும் சொல்லியிருக்கிறேன், செக்ரட்டேரியட்டில் நாற்காலி தேய்த்தவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பலர் இப்போது என்னைவிட உறுதியாக நடக்கிறார்கள். கால் பதில் சொல்லாவிட்டால், எவ்வளவு கெஞ்சினாலும் அனுப்பமாட்டேன். உங்களுக்கு நான் விட்டுப்போவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். இன்னொன்றும் உண்டு. கட்டுப்போடுகிறவர் உங்கள் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக ஏதாவது சொன்னால், மைக்கைக் கையால் மூடாதீர்கள். மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இந்த மார்ச்சில், ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக, அந்தக் கோவிலுக்கு உச்சிப் பூஜைக்குப் போயிருந்தேன். பாயைத் துவைத்து மதிலில் காயப்போட்டிருந்தார்கள். தொழுதுவிட்டு வருகையில் கல்லில் கால் வைத்தவள், என் வயதையும் என் இடுப்பையும் மறந்து துள்ளி ஓடி மண்டபத்து நிழலில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் துள்ளி வந்தார்கள்.

நடை சாத்தியாயிற்று. மடப்பள்ளி வாசலில் நீலு சாமி வந்து நின்றார். அறுபத்தெட்டு வயது, தலை முழுக்க வெளுத்துவிட்டது, பத்து விரலும் அப்படியே இருந்தன. கால் உறையைக் கழற்றி மடித்து ஆணியில் மாட்டினார். உடனே இறங்கவில்லை. கடைசியாக வந்துகொண்டிருந்த ஆளின் கால்களை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எல்லோரையும்விட உயரமாகத் துள்ளித் துள்ளி இருபது அடியையும் கடந்து என் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"இன்னிக்கு சூடு ஜாஸ்தியோ, டாக்டரம்மா?" என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே தெரியாது.

"என் கால் பொரிந்துவிட்டது சாமி" என்றேன்.

"அப்போ சரியாத்தான் ஓடியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, நான் கேட்காமலே, இரண்டு உள்ளங்காலையும் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.